வலி தசையிலா, மூட்டிலா, நரம்பிலா? விளையாட்டுச் சிகிச்சை முறையில் குணப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

உடம்பில் ஓரிடம் வலிக்கத் தொடங்கினால் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் அந்த இடத்தை அசைக்காமல் வாரக்கணக்கில் ஓய்வு கொடுக்கிறார்கள். வேறு சிலர் தைலம் தேய்த்து, மாத்திரை போட்டுக்கொண்டு வழக்கமான வேலையைத் தொடர்கிறார்கள். முதல் வழியில் தசை மெலிந்து, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் பலமிழக்கிறது. இரண்டாவது வழியில், ஆறத் தொடங்கிய காயம் மறுபடியும் மறுபடியும் கிளறப்படுகிறது. விளையாட்டுச் சிகிச்சை இரண்டுக்கும் நடுவே போகிறது. காயம்பட்ட இடம் இன்று எவ்வளவு சுமையைத் தாங்குமோ அவ்வளவைக் கொடுத்து, அந்த அளவைப் படிப்படியாக உயர்த்துவதே அதன் முறை.

ஓட்டக்காரர்களையும் பந்துவீச்சாளர்களையும் களத்துக்குத் திருப்பி அனுப்புவதற்காக வளர்ந்த முறை என்றாலும், நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்திருப்பவருக்கும், படியேறும்போது முழங்கால் வலிக்கும் முதியவருக்கும் இதே கணக்குத்தான். சுமையின் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

படி 1: வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத வலிகள்

எந்தப் பயிற்சிக்கும் முன்னால் இதை முழுக்கப் படித்துவிடுங்கள்.

முதுகுவலியோடு சிறுநீர் பிரியாமல் போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றி வெளியேறுவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது ஆகியவை முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்குவதற்கான அறிகுறிகள். ஒன்று தெரிந்தாலும் அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகலாம்.

தோளிலோ இடது கையிலோ தாடையிலோ வரும் வலியோடு நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் இருந்தால் அதை இதய வலியாகவே கருத வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் ரத்தநாளத்தில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம்; அதைத் தேய்த்துவிடுவது ஆபத்து. சிவந்து சூடேறிய மூட்டோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், எப்படிப் படுத்தாலும் அடங்காத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்திருத்தல், கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் அடர்பழுப்பு நிறத்தில் போவது, திடீரெனப் பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்குவது ஆகிய அனைத்துக்கும் மருத்துவர்தான் முதல் படி.

கணுக்கால் பிசகியவர்களுக்கு ஒரு தெளிவான அளவுகோல் உண்டு. 1992ஆம் ஆண்டு கனடாவின் ஒட்டாவாவில் உருவான விதிகள் அவை. கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பு நடுவில் உள்ள எலும்பு மேட்டிலோ, உள்பக்க வளைவின் உச்சியில் உள்ள எலும்பிலோ வலிக்கிறதா? அடிபட்டவுடனும், பிறகும், நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

படி 2: வலி எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிதல்

தசைவலி பெரும்பாலும் ஓரிடத்தில் நிற்கும். அந்தத் தசையை இறுக்கினாலும் வலிக்கும், இழுத்து நீட்டினாலும் வலிக்கும். பழக்கமில்லாத பயிற்சி செய்த மறுநாள் உடம்பெல்லாம் கடுக்கிறதே, அது காயம் அல்ல. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சமடைந்து தானாக அடங்கிவிடும்.

தசைநாண் வலிக்குத் தனி நடை உண்டு. காலையில் எழுந்து முதல் சில அடிகளில் கடுமையாக இருக்கும். கொஞ்சம் நடந்து சூடேறியதும் குறையும். வேலை முடிந்து ஓய்ந்த பிறகு, அல்லது மறுநாள் காலை, திரும்பி வரும். நடுவில் குறைவதால் பலர் சரியாகிவிட்டதென்று நம்பி மாதக்கணக்கில் இழுத்தடித்துக்கொள்கிறார்கள்.

மூட்டு வலியில் வீக்கமும் இறுக்கமும் கூடவே வரும். மூட்டு பூட்டிக்கொள்வதோ, நடக்கும்போது திடீரென மடங்கிவிடுவதோ இருந்தால் உள்ளே ஜவ்வோ குருத்தெலும்போ கிழிந்திருக்க வாய்ப்புண்டு.

நரம்பு வலி கோடு போட்டதுபோல் ஓடும். சுரீரென்று மின்சாரம் பாய்வது, எரிச்சல், ஊசி குத்துவது, மரமரப்பு, சில நேரம் பலவீனம். வலிக்கும் இடம் ஒன்று, கோளாறு உள்ள இடம் வேறொன்று என்பது இங்கே சாதாரணம். கழுத்தில் நரம்பு எரிச்சலுற்றால் கை குடையும், இடுப்பில் உறுத்தினால் கெண்டைக்கால் எரியும். மரத்துப்போகும் இடமே ஒரு வரைபடம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டு வழியே போகும் நரம்பைச் சந்தேகிக்கலாம். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் என்றால் முழங்கையின் உள்பக்கம் ஓடும் நரம்பு.

வீட்டிலேயே செய்து பார்க்க ஓர் எளிய சோதனை. மூட்டு அசையாதபடி ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அதை எதிர்த்துத் தசையை இறுக்குங்கள். வலித்தால் தசையோ தசைநாணோ காரணமாக இருக்கலாம். அடுத்து, தசையை முழுக்கத் தளர்த்திவிட்டு அவரையே மூட்டை அசைக்கச் சொல்லுங்கள். இதில்தான் அதிகம் வலிக்கிறது என்றால் மூட்டின் பக்கம் பார்வையைத் திருப்பலாம். நூற்றுக்கு நூறு சரியாக வராது. ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று காட்டிவிடும்.

ஸ்கேன் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அறிக்கையைப் படித்துவிட்டு அசையவே பயப்படுகிறவர்கள் ஏராளம். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றின்படி, 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளில் தேய்மானம் இருந்தது. தேய்மானம் என்று எழுதியிருப்பதாலேயே உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. ஸ்கேன் சொல்வது உங்கள் அறிகுறிகளோடு பொருந்தினால்தான் அதற்கு மதிப்பு.

படி 3: அடிபட்ட முதல் மூன்று நாட்கள்

ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் இணைத்து 1978ஆம் ஆண்டு பிரபலமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்பாடு 2014ஆம் ஆண்டு எழுதியவரும் அவரே. வீக்கமும் அழற்சியும் உடம்பு தன்னைப் பழுதுபார்க்கும் வேலையின் முதல் கட்டம். அதை முற்றிலும் அடக்க வேண்டியதில்லை, எல்லை மீறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வலியைக் கூட்டும் அசைவை ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை தவிர்க்கவும். மீள்தன்மையுள்ள பட்டையால் மிதமாகக் கட்டவும். விரல் நீலமானால் கட்டு இறுக்கம். காலை இதயத்துக்கு மேலே இருக்கும்படி தலையணையில் வைக்கவும். வலி தாங்கவில்லை என்றால் துணியில் சுற்றிய பனிக்கட்டியை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம், வலியைக் குறைக்கும் வேலைக்கு மட்டும். முதல் 48 மணி நேரத்தில் சூடு ஒத்தடம், அழுத்தித் தேய்ப்பது, மது ஆகிய மூன்றும் வேண்டாம். அழற்சி அடக்கும் மாத்திரைகளை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

முதுகுப் பிடிப்புக்கு வேறு நியாயம். படுக்கையில் கிடப்பது அதைக் குணமாக்குவதில்லை. ஓரிரு நாளுக்கு மேல் படுக்காமல், சிறு சிறு நடைகளாக எழுந்து உலவுவதே மேல்.

படி 4: வலியை அளக்கக் கற்றுக்கொள்ளுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வலியே இல்லை என்பதற்கு 0, தாங்கவே முடியாதது என்பதற்கு 10. பயிற்சியின்போது 2 வரை இருந்தால் தயங்காமல் செய்யலாம். 3 முதல் 5 வரை, தசைநாண் வலியிலும் மூட்டுத் தேய்மானத்திலும், ஏற்றுக்கொள்ளக்கூடியதே. ஆனால் மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். 5ஐத் தாண்டினால் நிறுத்துங்கள்.

மறுநாள் காலைதான் உண்மையான நீதிபதி. நேற்றைவிடக் காலை இறுக்கம் கூடியிருந்தால் நேற்றுக் கொடுத்த சுமை அதிகம். அடுத்த முறை எண்ணிக்கையையோ எடையையோ குறையுங்கள். முழுக்க நிறுத்திவிடாதீர்கள். அதே அளவில் இருந்தால் தொடரலாம், குறைந்திருந்தால் ஒரு படி ஏறலாம். சின்ன நோட்டில் தேதி, பயிற்சி, அன்றைய எண், மறுநாள் காலை எண் என நான்கு கட்டம் போட்டு எழுதிவந்தால் இரண்டு வாரத்தில் உங்கள் உடம்பின் தாங்குதிறன் உங்களுக்கே விளங்கும்.

நரம்பு வலிக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, தூரத்தை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

படி 5: சுமையின் நான்கு நிலைகள்

முதல் நிலையில் மூட்டு அசையாமல் தசையை இறுக்கிப் பிடிக்கிறோம். 30 முதல் 45 விநாடி பிடித்து, ஓரிரு நிமிடம் விட்டு, ஐந்து முறை. தசைநாண் வலியுள்ள சிலருக்கு இதுவே உடனடியாக வலியைத் தணிக்கும்.

இரண்டாவது நிலையில் மெதுவாக அசைக்கிறோம். ஏற 3 விநாடி, இறங்க 3 விநாடி. 12 முதல் 15 முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாவது நிலையில் எடையைக் கூட்டி எண்ணிக்கையை 6 முதல் 8 வரை குறைக்கிறோம். பலரும் இங்கே வராமலே நின்றுவிடுகிறார்கள். வண்ண ரப்பர் பட்டையைக் கொண்டு மாதக்கணக்கில் ஒரே பயிற்சியைச் செய்கிறார்கள். எடை கூடாமல் பலம் கூடாது. நான்காவது நிலை வேகம்: குதித்தல், ஓடுதல், திசை மாற்றுதல். இதை நாள்தோறும் செய்யக் கூடாது, இடையே 48 மணி நேரமாவது விட வேண்டும்.

தசைக் கிழிசல்: பின்தொடையை வைத்து ஒரு பாடம்

ஓடும்போது பின்தொடையில் யாரோ அடித்ததுபோல் வலி வந்து நின்றுவிடுவது மிகச் சாதாரணமான விளையாட்டுக் காயம். இழுத்து நீட்டாமல், சுருக்கிப் பலப்படுத்துவதுதான் பழைய பழக்கம். ஸ்வீடனின் கார்ல் ஆஸ்க்லிங் 2013ஆம் ஆண்டு 75 கால்பந்து வீரர்களைக் கொண்டு செய்த ஆய்வு இதை மாற்றியது. தசையை நீண்ட நிலையில் வைத்துச் சுமை கொடுத்தவர்கள் சராசரியாக 28 நாட்களில் களத்துக்குத் திரும்பினார்கள். வழக்கமான பயிற்சி செய்தவர்களுக்கு 51 நாட்கள் ஆயின.

வீட்டுக்கேற்ற வடிவம் இது. மல்லாந்து படுத்துக் குதிகாலை நாற்காலியில் வைத்து இடுப்பைத் தூக்கிப் பிடிப்பதில் தொடங்குங்கள். வலி 2க்குள் வந்ததும், நின்றபடி முழங்காலைச் சற்றே மடக்கி, முதுகு நேராக இருக்க இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நிமிருங்கள். பிறகு கையில் எடை. கடைசியாக ஒற்றைக் காலில். தொடை கறுத்துக் கன்றிப்போயிருந்தாலோ, தசையில் பள்ளம் தட்டுப்பட்டாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தசைநாண்: பொறுமைக்குப் பலன் தரும் இடம்

குதிகாலுக்கு மேலே உள்ள பெரிய தசைநாண் வலிக்கு ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட முறை இன்றும் நிற்கிறது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலின் பலத்தில் எழும்பி, வலிக்கும் காலில் மட்டும் மெதுவாகக் குதிகாலை இறக்குவது. முழங்கால் நேராக வைத்து 15 முறை மூன்று சுற்று, சற்று மடக்கி வைத்து 15 முறை மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். ஒரு நாளைக்கு 180 இறக்கங்கள் ஆகின்றன. எல்லோருக்கும் அவ்வளவு ஒத்துவராது, குறைத்தும் செய்யலாம். தசைநாண் குதிகால் எலும்போடு ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் படிக்கு கீழே குதிகாலை இறக்கக் கூடாது. சமதரையில் செய்யுங்கள்.

உள்ளங்காலில் குதிகாலை ஒட்டி வலிப்பவர்கள் இதே குதிகால் தூக்கும் பயிற்சியை, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துச் செய்யலாம். ஏற 3 விநாடி, மேலே 2 விநாடி, இறங்க 3 விநாடி, ஒருநாள் விட்டு ஒருநாள்.

முழங்கையின் வெளிப்புற வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள அவசரப்படாதீர்கள். முதல் சில வாரம் வலி மாயமாக மறையும். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களின் நிலை போடாதவர்களைவிட மோசமாக இருந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மேசை விளிம்பில் முன்கையை வைத்து, சிறு எடையோடு மணிக்கட்டை மெதுவாக ஏற்றி இறக்குவது மெல்லப் பலன் தரும் வழி, ஆனால் அந்தப் பலன் நிலைக்கும்.

மூட்டுகள்

கணுக்கால் சுளுக்கில் வீக்கம் வடிந்ததும் சிகிச்சை முடிந்ததென்று விட்டுவிடுவதால்தான் அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறது. கிழிந்த ஜவ்வோடு, மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்குகிறது. ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்கப் பழகுங்கள். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு மடித்த போர்வை மேல். ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் நடந்தால் இன்னும் தேயும் என்று அஞ்சுகிறார்கள். குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு அழுந்தி விடுபடும்போதுதான் அதற்கு ஊட்டம் போகிறது, எனவே அளவான அசைவு அதற்கு உணவு. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது, தாழ்ந்த படியில் ஏறி இறங்குவது, சைக்கிள் ஓட்டுவது மூன்றையும் வாரம் மூன்று நாள் செய்யலாம். உடல் எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது.

உறைந்த தோள் என்பது தோள்மூட்டு வலித்து இறுகிப்போவது; பொதுவாக 40 முதல் 60 வயதுக்குள் வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகம். வலி உச்சத்தில் இருக்கும் முதல் கட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்துவிடுவது தீங்கு. வலியெல்லைக்குள் மெல்ல ஆட்டுவதே போதும். இறுக்கம் மட்டும் மிஞ்சும் காலத்தில் நீட்டும் பயிற்சியைத் தீவிரமாக்கலாம். ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதை முன்பே தெரிந்துகொள்வது மனத்துக்கு நல்லது.

நரம்பு: இழுக்கக் கூடாது, நழுவ விட வேண்டும்

நரம்பை நீட்டிப் பிடித்தால் அதற்குள் ஓடும் ரத்தம் குறைந்து எரிச்சல் கூடும். இடுப்பிலிருந்து கால்வரை குடையும்போது பின்தொடை இறுகியிருப்பதாக எண்ணி, பலர் காலை நீட்டிக் குனிந்து பிடிக்கிறார்கள். அன்றிரவே வலி இரட்டிப்பாகிறது. தவிர்க்க வேண்டிய முதல் பயிற்சி அதுதான்.

அதற்குப் பதில் நரம்பை அதன் பாதையில் முன்னும் பின்னும் நழுவ வைக்கலாம். நாற்காலியில் நிமிர்ந்து அமருங்கள். முழங்காலை மெதுவாக நீட்டும்போதே தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். காலை மடக்கும்போது தலையைக் குனியுங்கள். எங்கும் பிடித்து நிறுத்தாமல் 10 முதல் 15 முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஊசி குத்தும் உணர்வு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே திரும்பிவிடுங்கள்.

இப்போது தூரத்தின் கணக்கு. ஒரு பயிற்சிக்குப் பின் வலி பாதத்திலிருந்து முழங்காலுக்கும், அங்கிருந்து இடுப்புக்கும் சுருங்கினால், இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் அது நல்ல அறிகுறி. வலி கீழ்நோக்கிப் பரவினால் அந்தப் பயிற்சி உங்களுக்கு உரியதல்ல. நியூசிலாந்தின் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கென்சி தன் சிகிச்சை முறை முழுவதையும் இந்தக் கவனிப்பின் மேல்தான் கட்டினார். குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பைத் தூக்குவது சிலருக்கு வலியை மேலே சுருக்கும், சிலருக்குப் பரப்பும். செய்து பார்த்து உங்கள் காலையே கேளுங்கள். வட்டு பிதுங்கியதால் வரும் கால்வலியும் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் அறுவைச் சிகிச்சையின்றியே தணிகிறது. பிதுங்கிய பகுதியை உடம்பே கரைத்துக்கொள்வதும் உண்டு.

இரவில் விரல்கள் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் மட்டும் ஆறு வாரம் அணியுங்கள். மரமரப்பு பகலிலும் விடாமல் நீடித்தாலோ, கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அறுந்த நரம்பு இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். தவறவிட்ட மாதங்களை மீட்பது கடினம்.

மசாஜ், உருளை, ஒட்டுப்பட்டை

மசாஜும், தசைமேல் உருட்டும் உருளையும், தோலில் ஒட்டும் பட்டையும் வலியைச் சில மணி நேரம் குறைக்கும், அசைவை எளிதாக்கும். கிழிந்ததை ஒட்டவோ, தசையைப் பலப்படுத்தவோ இவற்றால் ஆகாது. அந்தச் சில மணி நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொண்டால் செலவழித்த காசுக்குப் பொருள் உண்டு. வலிக்க வலிக்கத் தேய்த்தால்தான் பலன் என்பது உண்மையல்ல. வருகிற எல்லோருக்கும் ஒரே கருவியை மாட்டிவிட்டு, அளக்காமல், பயிற்சி சொல்லித் தராமல் அனுப்பும் இடத்தை விட்டு வேறிடம் தேடுங்கள்.

படி 6: ஆட்டத்துக்கும் வேலைக்கும் திரும்புதல்

வலி போனதும் காயம் ஆறிவிட்டதாக எண்ணுவதுதான் மறுகாயத்துக்கு முதல் காரணம். மூன்று கேள்விகளுக்கு ஆம் என்று பதில் வர வேண்டும். அசைவு இருபுறமும் சமமாக இருக்கிறதா? ஒற்றைக் காலில் தாண்டும் தூரமும் தூக்கும் எடையும் நல்ல பக்கத்தின் 90 சதவீதத்தையாவது எட்டிவிட்டனவா? முழு வேகத்தில் பயிற்சி செய்த மறுநாள் காலை வழக்கம்போல் விடிகிறதா? முழங்காலின் முன்குறுக்கு ஜவ்வுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், இவையெல்லாம் முன்கூட்டியே சரியானாலும், 9 மாதம் நிறைவதற்குள் திடீர்த் திருப்பங்கள் உள்ள ஆட்டங்களில் இறங்கக் கூடாது.

ஓட்டத்துக்குத் திரும்புகிறவர்கள், 30 நிமிடம் வலியின்றி வேகமாக நடக்க முடிந்த பிறகு, ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று பத்து முறை செய்து தொடங்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை எண் ஏறவில்லை என்றால் ஓட்டத்தை அரை நிமிடம் கூட்டலாம், ஏறினால் அதே அளவை இன்னொரு முறை செய்யலாம். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டாதீர்கள்; முதலில் தூரம், பிறகு வேகம். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் நோட்டில் எண்கள் இறங்கவில்லை என்றால் அந்த நோட்டோடு ஓர் இயன்முறை மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ போய்ப் பாருங்கள். அவருக்குத் தேவையான விவரங்களில் பாதி அதிலேயே இருக்கும்.